ரெக்கார்டு பிளேயரின் கை பாதிப் பாட்டில் நின்றுவிடுகிறதா? படிப்படியாகச் சரிசெய்யும் வழி

போன வருடம் சத்துவாச்சாரி வீட்டுப் பரணிலிருந்து மாமாவின் ரெக்கார்டு பிளேயரைக் கீழே இறக்கினேன். சவூதியில் வேலை பார்த்த காலத்தில் அவர் கொண்டுவந்தது. ஜப்பானில் செய்தது, பெல்ட்டில் ஓடுவது, பாட்டு முடிந்தால் கை தானாக எழும்பித் தன் இடத்துக்குத் திரும்பும் வகை. பெல்ட் மாற்றியதும் நன்றாகத்தான் பாடியது. ஆனால் எல்பியின் (12 அங்குலப் பெரிய தட்டின்) கடைசிப் பாட்டுக்கு வந்ததும் கை நின்றுவிடும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். வேறு தட்டு போட்டாலும் கிட்டத்தட்ட அதே இடம்.

அதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதமும் ஐயாயிரம் ரூபாய்க்கு மேலும் ஆனது. தேவையே இல்லாத புது முள் 1,400 ரூபாய். ஒரு கடையில் மூன்று வாரம் கிடந்து, போனதைவிட மோசமாகத் திரும்பி வந்ததற்கு 1,800 ரூபாய். அந்தக் கடை செய்த வேலையைப் பிரித்துத் திரும்பச் செய்ய 450 ரூபாய். உண்மையில் அதற்குத் தேவைப்பட்டது 1,600 ரூபாய்ச் சாமானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும்தான். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். நான் தலைகீழாகப் போனேன்.

கை என்று நான் சொல்வது முள்ளைத் தாங்கி நகரும் டோன் ஆர்மை.

முதலில் ஒரு வேண்டுகோள்: நாணயம் வைக்காதீர்கள்

கை நின்றால் அதன் தலையில் ஒரு ரூபாய் நாணயம் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வைத்தால் பாட்டு நகரும், அதனால் சரியாகிவிட்டது என்று தோன்றும். 2011-இல் வந்த ரூபாய்ச் சின்னம் போட்ட ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம். இன்றைய காந்த வகை கார்ட்ரிட்ஜ்கள் (கையின் தலையில் முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டி) பலவற்றுக்கு முள் தட்டின்மேல் அழுத்த வேண்டிய எடையே 2 கிராமை ஒட்டித்தான். நாணயம் வைத்தால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். முள்ளின் தண்டு மடங்கும், தட்டின் தடம் தேயும். தேய்ந்த தடம் திரும்ப வராது.

கை நகரும் அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்பியின் ஒரு பக்கம் 20 நிமிடம் என்றால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் அறுநூற்று அறுபது சுற்றுக்கு மேல். அத்தனை சுற்றிலும் சேர்த்துக் கை உள்நோக்கி நகரும் தூரம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 0.13 மில்லிமீட்டர். இந்த நகர்வைத் தள்ளுவது தடத்தின் சுவர் மட்டும்தான், மோட்டார் கையைத் தள்ளுவதில்லை. அதனால் எங்கோ ஒரு மெல்லிய உரசல், ஒரு விறைத்த வயர், காய்ந்த கிரீஸ் இருந்தாலே போதும், கை நின்றுவிடும். அந்த உரசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

எனக்கு ஆன கணக்கு இது: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர் 220 ரூபாய் (99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்), வெள்ளை லித்தியம் கிரீஸ் சின்ன டியூப் 130, தையல் மெஷின் எண்ணெய் 40, சின்னத் திருப்புளி செட் 280, காது பட்ஸ் 30. இத்தனையும் சேர்த்து 700 ரூபாய். முள்ளின் எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு 900 ரூபாய். இதை மட்டும் தள்ளிப்போடலாம் என்று நினைக்காதீர்கள், கடைசிப் படியில் கண்டிப்பாக வேண்டும்.

தையல் மெஷின் எண்ணெயும் பட்ஸும் லாங்கு பஜாரிலேயே கிடைத்தன. திருப்புளி செட்டுக்குச் சாரதி மாளிகைப் பக்கம் போனேன், செல்போன் பழுதுபார்ப்பவர்கள் வாங்கும் வகை. ஆல்கஹாலும் தராசும் ஆன்லைனில் போட்டு ஐந்து நாளில் வந்தன.

வாங்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே. அது அந்த நேரத்துக்கு வழுக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பரிலும் பெல்ட்டிலும் படியும். இரண்டாவது, வீட்டுத் தேங்காய் எண்ணெய். தையல் மெஷின் முதல் கதவுக் கீல் வரை அதை விடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், மார்கழி இரவில் வேலூரில் பாட்டில் அப்படியே கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாளானால் பிசினாகவும் மாறும்.

1. குற்றம் தட்டிலா, கையிலா என்று பிரியுங்கள் (அரை மணி நேரம்)

மூன்று தட்டுகளை எடுங்கள். இரண்டு எல்பி, ஒரு ஈபி (7 அங்குலச் சின்னத் தட்டு). ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாட்டின் பெயரை எழுதாமல், நடுக்கம்பியிலிருந்து முள் இருக்கும் தூரத்தை ஒரு காகித ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

ஒரே ஒரு தட்டில் மட்டும் நின்றால் அது கீறலோ அழுக்கோதான். தட்டைச் சுத்தம் செய்யுங்கள், பிளேயரைத் தொடாதீர்கள். வெவ்வேறு தட்டுகளில் ஒரே தூரத்தில் நின்றால் குற்றம் கையின் பக்கம்.

நம்மிடம் இருக்கும் பழைய சினிமாப் பாட்டுத் தட்டுகள் நிறைய 7 அங்குல ஈபிக்கள் அல்லவா, அவற்றில் கை தொடங்கும் இடமே எல்பியின் பாதியைத் தாண்டிய இடம். எல்பியில் கடைசிப் பாட்டில் வரும் கோளாறு ஈபியில் இரண்டாவது பாட்டிலேயே வந்துவிடும். நான் இது தெரியாமல், ஈபி எல்லாம் தேய்ந்துபோய்விட்டன என்று முடிவுகட்டி ஒரு பெட்டி தட்டைத் தனியே ஒதுக்கியே வைத்துவிட்டேன். அவை எல்லாமே இப்போது பாடுகின்றன.

நேரத்தையும் எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 விநாடி, 45 வேகத்தில் ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் கூட. ஒரே துண்டு இந்த இடைவெளியில் திரும்பினால் முள் ஒரே தடத்தில் மாட்டியிருக்கிறது என்று பொருள். திரும்பாமல் முன்னால் தாவித் தாவிப் போனால் அது வேறு நோய்: பிளேயர் சாய்ந்திருக்கலாம், ஆன்டி ஸ்கேட் (கையை லேசாக வெளிப்பக்கம் இழுக்கும் அமைப்பு) அளவு தவறாக இருக்கலாம், முள் தேய்ந்திருக்கலாம்.

சுத்தம் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. 78 வேகத் தட்டுகள் அரக்கில் செய்தவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். அவற்றின் அருகில் அந்தப் பாட்டிலைக் கொண்டுபோகவே வேண்டாம்.

2. வெளியே எங்காவது இடிக்கிறதா, உரசுகிறதா (பத்து நிமிடம், செலவில்லை)

புது பிளேயர் என்றால் முதலில் பயண ஸ்க்ரூவைப் பாருங்கள். வண்டியில் வரும்போது ஆடாமல் இருக்கச் சில மாடல்களில் கம்பெனியே இறுக்கி அனுப்பும். கையைத் தாங்கியோடு பூட்டும் கிளிப்பும் திறந்திருக்க வேண்டும்.

பிறகு மூடியைப் பாருங்கள். கையின் பின்பக்க எடை, கை உள்ளே போகப் போக வெளிப்பக்கம் நகரும். சில பிளேயர்களில் அது மூடியின் பக்கச் சுவரில் போய் முட்டும். மூடியைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் முழுவதும் ஓடவிட்டாலே தெரிந்துவிடும்.

அப்புறம் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். பழைய கார்ட்ரிட்ஜில் உள்ளே இருக்கும் ரப்பர் தளர்ந்து, முள்ளின் தண்டு மேலே மடங்கி, கார்ட்ரிட்ஜின் அடிவயிறே தட்டில் உரசும். வெயிலில் வளைந்த தட்டு என்றால் இன்னும் சீக்கிரம் உரசும். முள்ளில் பஞ்சுபோல் தூசி திரண்டிருந்தாலும் கை தடுமாறும். அதைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும், மெல்லிய பிரஷ்ஷால் ஒருமுறை இழுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் தண்டு போய்விடும்.

3. கையை மிதக்கவிட்டுச் சோதியுங்கள் (இருபது நிமிடம்)

எல்லாச் சோதனையிலும் எனக்கு அதிகம் சொன்னது இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். முள்ளுக்கு மூடி இருந்தால் போடுங்கள். ஆன்டி ஸ்கேட்டை 0-இல் வையுங்கள். கையைத் தூக்கி இறக்கும் கியூ லீவரைக் கீழே இறக்குங்கள். பின் எடையைத் திருப்பித் திருப்பி, கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் கிடைமட்டமாக மிதக்கும்படி செய்யுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் இது கஷ்டம்தான், ஆனால் விசிறிக் காற்றே கையைத் தள்ளிவிடும்.

இப்போது தலைப்பக்கம் மெதுவாக ஊதுங்கள். நல்ல கை, குளத்தில் இலை நகர்வதுபோல் தயங்காமல் போகும். அடுத்து, கையை உள்பக்கம் கொண்டுபோய் விட்டு, ஆன்டி ஸ்கேட்டை 0.5-க்குத் திருப்புங்கள். யாரும் தொடாமல் கை தானாக வெளிப்பக்கம் முழுதும் வர வேண்டும். எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மேல்கீழ் அசைவுக்கு, தலையை ஒரு சென்டிமீட்டர் அழுத்திவிட்டு விடுங்கள். இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடி அடங்க வேண்டும். விட்ட இடத்திலேயே செத்ததுபோல் நின்றால் மேல்கீழ் பேரிங்கில் (கையின் அச்சைத் தாங்கும் இடத்தில்) உரசல்.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது: வழி முழுக்கக் கனமாக இருந்தால் பேரிங். தள்ளிவிட்டால் ரப்பர்போல் பின்னுக்கு இழுத்தால் வயர். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நின்றால், அதுவும் உள்பக்கத்தில் என்றால், கையைத் தானாகத் திருப்பும் ஆட்டோ ரிட்டர்ன் இயந்திரம். என்னுடையது முதலில் மூன்றாவது வகை. கடைக்குப் போய்வந்த பிறகு இரண்டாவதும் சேர்ந்துகொண்டது.

தானாகத் திரும்பும் பிளேயரில் கையை ரொம்ப உள்ளே கொண்டுபோனால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் தயாராகி நின்றுவிடும். அப்புறம் கை இடக்கு செய்வதுபோல் தெரியும். வலுக்கட்டாயம் செய்யாமல், பிளாட்டரை (தட்டைத் தாங்கிச் சுழலும் வட்டை) கையால் கடிகார திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். சுழற்சி முடிந்து கை விடுபடும்.

4. கையைத் தூக்கி இறக்கும் லீவர்

லீவரைக் கீழே இறக்கிய பிறகும் கையின் அடியில் இருக்கும் வளைந்த மேடை கையைத் தொட்டுக்கொண்டே இருந்தால், முள் தடத்தில் இருந்தாலும் கை அந்த மேடையில் உரசி நிற்கும். பாட்டு ஓடும்போது கைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் மேடையின் உயரத்தைக் குறைக்கும் சின்ன ஸ்க்ரூ அதன் பக்கத்திலேயே இருக்கும், கால் சுற்று திருப்பிப் பாருங்கள். மேடைமேல் ஒட்டிய ரப்பர் பசைபோல் உருகியிருந்தால் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். நம் ஊர் வெயிலில் பரணில் கிடந்த பிளேயரில் இது அடிக்கடி நடக்கும்.

கை இறங்க இரண்டு மூன்று விநாடி எடுப்பது இயல்பு. இறங்கவே மாட்டேன் என்றால் உள்ளே இருக்கும் கெட்டியான சிலிகான் எண்ணெய் கெட்டுவிட்டது. பழையதைத் துடைத்தெடுத்துவிட்டு அதே கெட்டி வகையைத்தான் போட வேண்டும். மெல்லிய எண்ணெய் விட்டால் கை தொப்பென்று விழும், முள் உடையும்.

5. வயர்கள்: நான் அதிகம் இழந்த இடம்

கைக்குள்ளே தலைமுடிபோல் மெல்லிய நான்கு வயர்கள் போகின்றன. சிவப்பும் பச்சையும் வலது பக்க ஒலிக்கு, வெள்ளையும் நீலமும் இடது பக்கத்துக்கு. கை சுழலும் அச்சின் அடியில் அவை வெளியே வந்து, தளர்வாக ஒரு வளையம் போட்டு, சின்னப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தத் தளர்வுதான் கைக்குச் சுதந்திரம்.

நான் கடையில் கொடுத்தபோது ஒரு பக்கம் ஒலி விட்டு விட்டு வருவதையும் சேர்த்துச் சொன்னேன். அவர்கள் கையின் அடியில் இருந்த மெல்லிய வயரை வெட்டிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போடுவதுபோன்ற பிளாஸ்டிக் உறை வயரைப் பற்றவைத்து, ஆடாமல் இருக்கப் பசை வைத்து ஒட்டியும் விட்டார்கள். ஒலி இரண்டு பக்கமும் வந்தது. ஆனால் முன்பு கடைசிப் பாட்டில் நின்ற கை இப்போது இரண்டாவது பாட்டிலேயே நின்றது. அந்த வயர் ஒரு ஸ்பிரிங்போல் கையை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நடுவில்தான் புது முள் வாங்கினேன்.

கடைசியில் கொசப்பேட்டையில் வீட்டோடு உட்கார்ந்து ரேடியோ பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப்போனேன். பிளேயரைத் திறக்கவே இல்லை. கையை மிதக்கவிட்டார், விரல் நுனியால் தொட்டார். "அழுத்திப் பாக்காதப்பா. தள்ளிவிட்டா திரும்பி வருது பாரு? இது பேரிங் இல்ல, ஒயரு" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

டோன் ஆர்ம் வயர் என்றே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். காட்பாடியிலிருந்து காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போய் ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன், எனக்குக் கிடைக்கவில்லை. ஆன்லைனில் 450 ரூபாய்க்கு வந்தது, பன்னிரண்டு நாள் ஆனது. மாற்றும்போது பழைய வயரின் முனையில் மெல்லிய நூலைக் கட்டி இழுத்தால் நூல் குழாய்க்குள் வந்துவிடும், பிறகு அந்த நூலைக் கொண்டே புது வயரை இழுக்கலாம். பற்றவைப்பதில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். கார்ட்ரிட்ஜின் பின்களில் நேரடியாகச் சூட்டுக்கோலை வைக்கக் கூடாது, அந்தச் சூட்டிலேயே உள்ளே இருக்கும் சுருள் அறுந்துவிடலாம்.

6. திறப்பதற்கு முன்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்குங்கள். முதலில் பிளேயரின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை எழுதி, அதன் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். பயன்படுத்துவோர் கையேடு வேறு, சர்வீஸ் மேனுவல் வேறு. எந்த இடத்தில் கிரீஸ், எந்த இடத்தில் எண்ணெய், எந்த இடம் காய்ந்தே இருக்க வேண்டும் என்பது இரண்டாவதில்தான் இருக்கும். வினைல் எஞ்சின் என்ற தளத்தில் பழைய மாடல்கள் நிறையவற்றுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, பதிவு செய்துகொள்ள வேண்டும். படம் இருக்கும் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டேன்.

அதே ஸ்டிக்கரில் வோல்டேஜையும் பாருங்கள். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தது என்றால் 100 வோல்ட், நம் 230-இல் நேராகச் செருகினால் மோட்டார் போய்விடும்.

பிளக்கைப் பிடுங்கி, மூடி, தட்டு, பாய், பெல்ட், பிளாட்டர், ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் தலைப்பகுதி), பின் எடை என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஹெட்ஷெல்லை முதலிலேயே எடுத்துத் தூர வையுங்கள். திருப்புளியின் காந்தம் கார்ட்ரிட்ஜை இழுத்து ஒரு நொடியில் முள்ளை உடைத்துவிடும். கையைத் தாங்கியோடு நூலால் கட்டுங்கள். இரண்டு பக்கமும் தலையணை வைத்துத் தலைகீழாகத் திருப்புங்கள்.

ஜப்பான் பிளேயரின் நட்சத்திர ஸ்க்ரூ நம் சாதாரணத் திருப்புளிக்குப் பொருந்துவதுபோலத் தெரியும், ஆனால் வழுக்கித் தலையைச் சிதைக்கும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) என்று போட்ட முனை இருந்தால் நல்லது. ஒவ்வொரு ஸ்க்ரூ எடுக்கும் முன்பும் செல்போனில் படம் எடுங்கள். எடுத்த ஸ்க்ரூக்களை நான் இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டேன். எந்தக் குழியில் முதலில் போட்டது என்று ஒரு குறி வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பமே வராது.

7. ஆட்டோ ரிட்டர்ன் இயந்திரம்

அடியில் பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று தெரியும். அதோடு நீளமான தகடுகள், ஸ்பிரிங்குகள். கை உள்ளே வரும்போது அச்சோடு சேர்ந்த ஒரு சின்னக் கம்பி ஒரு மெல்லிய நெம்புகோலைத் தொட ஆரம்பிக்கும். பாட்டு முடிந்த இடத்தில் தடம் அகலமாகிக் கை வேகமாக உள்ளே போகும்போது அந்த நெம்புகோல் பல்சக்கரத்தை எழுப்பிவிடும். அதுவரை அது கையோடு சும்மா வர வேண்டும். அதன் அச்சில் கிரீஸ் காய்ந்திருந்தால் சும்மா வராது, கையைத் தடுக்கும். கடைசிப் பாட்டில் மட்டும் நிற்பதற்கு இதுதான் காரணம்.

எனது பிளேயரில் அந்தக் கிரீஸ் பனைவெல்லம்போல் பழுப்பாகி இறுகியிருந்தது. பட்ஸில் ஆல்கஹால் தொட்டு ஒவ்வோர் அச்சாக ஊறவைத்து, பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். ஒரே தடவையில் வராது. ஊறவையுங்கள், பத்து நிமிடம் விடுங்கள், துடையுங்கள், மறுபடி. எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. தகட்டைப் பிடித்திருக்கும் சின்ன ஈ-கிளிப்பைக் கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், அது துள்ளிப் போனால் வீடு முழுக்கத் தேட வேண்டும்.

சுத்தமானதும் இருபது நிமிடம் உலரவிடுங்கள். பிறகு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் இடங்களிலும் பெரிய பல்சக்கரத்தின் அச்சிலும் கடுகு அளவு வெள்ளை கிரீஸ். அதற்குமேல் வேண்டாம்.

கை தொடும் அந்த மெல்லிய நெம்புகோலையும் பல்சக்கரத்தின்மேல் இருக்கும் சின்னக் கொக்கியையும் காயவிட வேண்டும். பழைய காரர்ட், பிஎஸ்ஆர் கம்பெனி சேஞ்சர்களில் (தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே போடும் பிளேயர்களில்) இது ரொம்ப முக்கியம். அங்கே எண்ணெய் பட்டால் ஒன்று கை நிற்கும், இல்லையென்றால் பாட்டு நடுவிலேயே கை எழும்பித் திரும்பிவிடும். நல்லதைச் செய்வதாக நினைத்து எல்லா இடத்திலும் எண்ணெய் விடுவதுதான் நான் பல பிளேயர்களில் பார்க்கும் தவறு.

டூயல் கம்பெனி பிளேயர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் ஆட்டோ நெம்புகோல் முனையில் ஒரு சின்ன ரப்பர் உறை இருக்கும், வயதானால் பொடிந்துவிடும். வயரின் பிளாஸ்டிக் உறையிலிருந்து அளவாக ஒரு துண்டு வெட்டிப் போட்டால் போதும்.

8. பேரிங்: கடைசியாக மட்டும்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மிதக்கவிட்ட சோதனையில் கை வழி முழுக்கக் கனமாக இருந்தால்தான் இங்கே வர வேண்டும்.

ஊசி முனையில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு, அச்சு முனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வையுங்கள். ஒரு நாள் விடுங்கள். பல கைகள் இதற்கே சரியாகும். ஆகவில்லை என்றால் அச்சின் தலையில் இருக்கும் பூட்டு நட்டைத் தளர்த்தி, நடு ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். தளர்த்துவதற்கு முன் அதன் நிலையைப் பேனாவால் குறித்துவையுங்கள். பிறகு தலையைப் பிடித்து மெல்ல ஆட்டினால் டக் டக் என்று ஆட்டம் தெரியக் கூடாது. தெரிந்தால் அதிகமாகத் தளர்த்திவிட்டீர்கள்.

முழுக்கக் கழற்றினால் உள்ளே இருக்கும் மணி குண்டுகள் சிதறும். அவை கடுகைவிடச் சின்னவையாக இருக்கலாம். அனுபவம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

9. எடை வைப்பது (ஒரு மணி நேரம்)

எல்லாம் மாட்டியதும் பிளேயர் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், செல்போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதி போதும். முள் மூடியைக் கழற்றிக் கையை மறுபடி மிதக்கவிட்டு, பின் எடையில் எண் போட்ட வட்டை மட்டும் 0-க்குக் கொண்டுவந்து, பிறகு எடையோடு சேர்த்துக் கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொல்லும் எண்ணுக்குத் திருப்புங்கள். ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ என்றால் 2 கிராம். பழைய செராமிக் வகைக்கு இதைவிட அதிகம் வேண்டும், பெட்டியில் இருக்கும் தாளைப் பாருங்கள்.

தராசில் மூன்று தடவை அளங்கள். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஒரு தடவை 1.7, அடுத்த தடவை 2.1 என்று வந்தால் தராசைக் குறை சொல்வதற்கு முன் மேல்கீழ் பேரிங்கையும் வயரையும் திரும்பப் பாருங்கள். ஆன்டி ஸ்கேட்டை அதே எண்ணில் வையுங்கள். அதை அதிகமாக வைத்தால் கையை வெளிப்பக்கம் இழுத்து, நீங்கள் சரிசெய்த அதே கோளாறைத் திரும்பக் காட்டும்.

10. கடைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால்

கொடுக்கும் முன் பிளேயரை நான்கு பக்கமும், வரிசை எண்ணையும், கார்ட்ரிட்ஜ், முள் இரண்டின் பெயரையும் படம் எடுத்துவையுங்கள். முடிந்தால் ஹெட்ஷெல்லை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, சோதிக்கும் அன்று மட்டும் எடுத்துப்போங்கள்.

சீட்டு வாங்காமல் வராதீர்கள். வெறுமனே "ரிப்பேர்" என்று எழுதினால் போதாது. என்ன கோளாறு, எந்தத் தேதிக்குள், தோராயச் செலவு எவ்வளவு, கேட்காமல் வயரை வெட்டக் கூடாது, எடுத்த பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். என் சீட்டில் தேதியும் முன்பணமும் மட்டும்தான் இருந்தன. பழைய வயரைக் கேட்டபோது குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்கள், காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

வெளியூருக்குப் பார்சலில் அனுப்பினால் பிளாட்டரையும் பின் எடையையும் தனியாகச் சுற்றுங்கள், கையைக் கட்டுங்கள், பயண ஸ்க்ரூ இருந்தால் இறுக்குங்கள். பழைய பொருளுக்குப் பில் இருக்காது. பழுதுபார்க்க அனுப்புகிறேன், விற்பனைக்கு இல்லை, மதிப்பு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோடு வைத்தால் வழியில் கேள்வி வராது. பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர்காரர்கள் கேஒய்சி ஆவணமும் வாங்கிய ரசீதும் கேட்பார்கள். சுங்கவரியும் அவர்களின் கையாளும் கட்டணமும் தனி. விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

திரும்ப வாங்கும் அன்று ஒரு எல்பியும் ஒரு ஈபியும் எடுத்துப்போங்கள். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எல்பியின் கடைசிப் பாட்டு முழுவதும் ஓடி, கை தானாக எழும்பித் தாங்கியில் போய் உட்காருவதை நின்று பார்த்துவிட்டு, பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.